ஒரு மரத்தின் பெயர்: செக்கோயாவின் ஆசியக் கணக்கு

போன மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பழைய ஆஃபர் லெட்டர் கையில் கிடைத்தது. பெரிய ஐடி கம்பெனி ஒன்றில் இருந்த நிலையான வேலையை விட்டுவிட்டு நான் சேர்ந்த ஸ்டார்ட்அப் கொடுத்தது. சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அதற்கு ஈடாக ஈசாப், அதாவது ஊழியர்களுக்கான பங்கு உரிமை. "குழந்தை பிறந்திருக்கிற நேரத்துல இந்த விஷப்பரீட்சை தேவையா?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது: "யாரு பணம் போட்டிருக்காங்கன்னு பாருங்க."

நேர்காணலில் எனக்குக் காட்டிய ஸ்லைடில் முதலீட்டாளரின் லோகோ பெரிதாக இருந்தது. கம்பெனியின் வரவு செலவுக் கணக்கை நான் கேட்கவில்லை. லோகோவைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். நாலு வருடம் கழித்துக் கம்பெனி கிடைத்த விலைக்குக் கைமாறியது. என் பங்குகளுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

அது எந்தக் கம்பெனி, எந்த லோகோ என்பது இங்கே தேவையில்லை. கீழே நான் எழுதப்போகும் நிறுவனம் அது அல்ல. ஆனால் அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வென்ச்சர் கேப்பிடல் நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்று குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: ஒரு முதலீட்டாளரின் பெயர் எதற்கு உத்தரவாதம்?

இதைப் புரிந்துகொள்ள செக்கோயா கேப்பிடலைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரே பெயரை அமெரிக்காவிலிருந்து சீனாவுக்கும் இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கொண்டுபோய், 18 வருடம் அதை வைத்துத் தொழில் செய்து, பிறகு 2023-இல் "இனி நாங்கள் வேறு, அவர்கள் வேறு" என்று அறிவித்த நிறுவனம் அது.

பெயர் வந்த வழி

டான் வேலன்டைன் 1972-இல் கலிஃபோர்னியாவில் செக்கோயாவைத் தொடங்கினார். ஃபேர்சைல்டு, நேஷனல் செமிகண்டக்டர் ஆகிய சிப் கம்பெனிகளில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். நிறுவனத்துக்குத் தன் பெயரை வைக்காமல், பல நூற்றாண்டுகள் வாழும் ஒரு மரத்தின் பெயரை வைத்தார். அட்டாரி, ஆப்பிள், சிஸ்கோ, யாகூ என்று வரிசையாகப் பணம் போட்டார்கள். 1999-இல் கூகுளில் செக்கோயாவும் கிளைனர் பெர்கின்ஸும் ஆளுக்கு 12.5 மில்லியன் டாலர் போட்டன. 2014-இல் ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்க ஒப்புக்கொண்டபோது அதில் பணம் போட்டிருந்த ஒரே வென்ச்சர் நிறுவனம் செக்கோயாதான்.

இந்த வரலாறுதான் பெயரின் மதிப்பு. இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. நல்ல பெயர் இருப்பதால் நல்ல தொழில்முனைவோர் முதலில் இவர்களிடம் வருகிறார்கள். அவர்கள் ஜெயிப்பதால் பெயர் இன்னும் பெரிதாகிறது. பணம் யாரிடமும் கிடைக்கும். பெயர்தான் இந்தத் தொழிலின் உண்மையான மூலதனம்.

2005-இல் அந்தப் பெயர் சீனாவுக்குப் போனது. நீல் ஷென் என்பவர்தான் சீனப் பிரிவின் முகம். அவர் பணம் மட்டும் கையாண்டவர் அல்ல, சிட்ரிப் என்ற பயணப் பதிவுத் தளத்தையும் ஹோம் இன்ஸ் என்ற விடுதிச் சங்கிலியையும் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்த வருடம் இந்தியா. இங்கே புதிதாகக் கடை திறக்காமல், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த வெஸ்ட்பிரிட்ஜ் கேப்பிடல் என்ற நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டார்கள். வெஸ்ட்பிரிட்ஜ் பலகை இறங்கி செக்கோயா இந்தியா பலகை ஏறியது.

2011-இல் அந்த வெஸ்ட்பிரிட்ஜ் ஆட்கள் விலகிப் போய், பழைய பெயரிலேயே மறுபடி தனியாகத் தொடங்கிவிட்டார்கள். செக்கோயா இந்தியா என்ற பலகை மட்டும் அப்படியே இருந்தது, கீழே வேறு குழு. அப்புறம் 2023-இல் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். முதல் தடவை ஆட்கள் போனார்கள், பெயர் நின்றது. இரண்டாம் தடவை பெயர் போனது, ஆட்கள் நின்றார்கள். ஆக, பெயருக்கும் ஆட்களுக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு ஒட்டு இல்லை.

உள்ளூர் முடிவு: இதில் நிஜமான பலம் இருந்தது

குறை சொல்வதற்கு முன்னால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சீனாவில் எதில் பணம் போடுவது என்பதைச் சீனக் குழு முடிவெடுத்தது, இந்தியாவில் இந்தியக் குழு. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு சீன நகரங்களின் மதிய உணவு விநியோகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. மெய்டுவான், பின்துவோதுவோ, பைட்டான்ஸ் என்று சீனப் பிரிவு எடுத்த முடிவுகள் அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய வெற்றிகள். 2018-இல் ஃபோர்ப்ஸ் இதழின் மைடாஸ் பட்டியலில், உலகின் சிறந்த வென்ச்சர் முதலீட்டாளர் என்ற முதலிடம் நீல் ஷென்னுக்குக் கிடைத்தது. மெய்டுவானும் பின்துவோதுவோவும் பங்குச் சந்தைக்கு வந்தது அதே வருடம்தான்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸில் 2018-இல் ஆக்செலோடு சேர்ந்து செக்கோயா பணம் போட்டது. 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி நாஸ்டாக்கில் பட்டியலானபோது அங்கே வேலை செய்த 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்தது. ஈசாப் என்ற காகிதம் நிஜமாகவே பணமாகும் என்று தமிழ்நாட்டில் பலர் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான். அந்த நம்பிக்கை தவறில்லை. அதை எதன் மேல் வைக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

செய்முறையும் ஏற்றுமதியானது

உள்ளூர் முடிவு என்று சொன்னாலும், சீனாவில் ஓடிய ஒரு செய்முறை தெற்கே வந்ததை இரண்டு இணைப்புகளை அருகருகே வைத்தால் பார்க்கலாம்.

முதலாவது சீனாவில். மெய்டுவான், டியான்பிங் இரண்டிலும் செக்கோயா சீனா பங்குதாரர். இரண்டும் தள்ளுபடி கொடுத்தே ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. 2015-இல் இணைந்தன. 2018-இல் ஹாங்காங் சந்தையில் பட்டியலாகி நிலைத்து நின்றன.

இரண்டாவது இந்தோனேசியாவில். கோஜெக், டோகோபீடியா இரண்டிலும் செக்கோயா இந்தியா பங்குதாரர். 2021 மே மாதம் இணைந்து கோட்டோ ஆனது. 2022 ஏப்ரலில் ஜகார்த்தா சந்தையில் ஒரு பங்கு 338 ருபியாவுக்கு வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் 100 ருபியாவுக்குக் கீழே போனது. 338-க்கு வாங்கியவர்களில் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிற நாட்டின் சாதாரணச் சேமிப்பாளர்களும் உண்டு.

இதன் பின்கதை இன்னும் சுவாரசியம். 2023 டிசம்பரில் டோகோபீடியாவின் 75 சதவீதப் பங்கை டிக்டாக் வாங்குவதாக அறிவித்தது. டிக்டாக்கின் தாய் நிறுவனம் பைட்டான்ஸ். பைட்டான்ஸில் ஆரம்ப காலத்திலேயே பணம் போட்டவர்களில் செக்கோயா சீனாவும் ஒன்று. ஒரே மரத்தின் ஒரு கிளை வளர்த்ததை இன்னொரு கிளை வளர்த்தது வாங்கிக்கொண்டது.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. தள்ளுபடி, வேகம், இணைப்பு, பட்டியல் என்ற செய்முறை சீனாவில் பலித்ததற்குக் காரணம் அங்கே இருந்த நகரங்களின் அடர்த்தியும், அந்தக் காலத்தில் வருடாவருடம் ஏறிய சம்பளமும். அந்தக் காரணங்கள் ஏற்றுமதி ஆகவில்லை. வேகம் மட்டும் ஏற்றுமதி ஆனது.

பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி

பிரிவுக்குப் பிறகு இந்திய, தென்கிழக்கு ஆசியப் பிரிவு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பீக் ஃபிஃப்டீன் பார்ட்னர்ஸ். சிகரம் 15. எவரெஸ்ட்டுக்கு அந்தப் பெயர் வைப்பதற்கு முன்பு நில அளவைக்காரர்கள் கொடுத்திருந்த எண் அது. இந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிகரத்தை அளந்த கதை எங்கே தொடங்கியது தெரியுமா? நம் சென்னையில், பரங்கிமலை அருகே.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அவர் கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோய், அங்கே ஏற்றுக்கொள்ளப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் மரப்பெட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தித் திருத்தி அளந்தார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல்? முக்கோண அளவையில் தரையில் நேரடியாக அளப்பது அடிக்கோட்டை மட்டும்தான். மற்றதெல்லாம் கோணம் பார்த்துக் கணக்குப் போடுவது. ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொரு முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே இமயமலை வரை போகலாம். இடையிடையே புதிய அடிக்கோடுகளை அளந்து சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் கீழே ஓர் அங்குலம் தப்பினால் மேலே எவ்வளவு தப்பும் என்று யாருக்கும் தெரியாது. 1852-இல் ராதாநாத் சிக்தரும் மற்றவர்களும் சிகரம் 15-தான் மிக உயரமானது என்று கணக்கிட்டபோது அதை நம்ப முடிந்ததற்குக் காரணம் இந்த அடிக்கோடுகள்.

ஸ்டார்ட்அப் மதிப்பும் இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. ஒருவர் 10 கோடி போட்டு 10 சதவீதப் பங்கு வாங்கினால் கம்பெனியின் மதிப்பு 100 கோடி என்று எழுதுகிறோம். யாரும் 100 கோடி கொடுக்கவில்லை. பத்தை வைத்து நூறைக் கணக்கிட்டோம், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் வருபவர் இந்த நூறிலிருந்து தன் முக்கோணத்தைத் தொடங்குகிறார். இந்த முழு அடுக்கிலும் தரையில் அளந்த அடிக்கோடு ஒன்றே ஒன்று, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு.

அதை அளந்தார்களா?

பைஜூஸை எடுத்துக்கொள்வோம். செக்கோயா இந்தியா அதில் 2015-லிருந்து முதலீட்டாளர், இயக்குநர் குழுவில் இடமும் இருந்தது. 2022 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் மதிப்பு 22 பில்லியன் டாலர் என்று செய்தி வந்தது. அந்தத் தேதியில் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கே வெளியாகியிருக்கவில்லை. அது 2022 செப்டம்பரில்தான் வந்தது. வந்தபோது நஷ்டம் 4,588 கோடி ரூபாய். அதற்கடுத்த வருடக் கணக்கும் தாமதம். 2023 ஜூனில் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது. அதே சமயம் செக்கோயா பிரிவின் பிரதிநிதி உட்பட மூன்று முதலீட்டாளர்களின் பிரதிநிதிகள் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள். 2024 ஜூலையில், இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக, கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அதைத் திவால் நடவடிக்கைக்குள் அனுப்பியது. ஒரு காலத்தில் 22 பில்லியன் டாலர் மதிப்பு சொன்ன கம்பெனி!

சிங்கப்பூரின் ஜிலிங்கோவும் இதே மாதிரிதான். 2019-இல் அதன் மதிப்பு ஒரு பில்லியன் டாலரைத் தொட்டுவிடும் தூரத்தில், 970 மில்லியன். 2022-இல் கணக்கு வழக்கு பற்றிக் கேள்வி எழுந்தபோதுதான், இரண்டு வருடத்து நிதியறிக்கைகள் தாக்கலாகவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. 2023 ஜனவரியில் கம்பெனி கலைக்கப்படும் கட்டத்துக்குப் போனது. அதே ஜனவரியில் கோமெக்கானிக் என்ற கார் பழுதுபார்க்கும் சேவையின் நிறுவனர், நிதிக் கணக்கில் தவறு நடந்ததாகத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு வேலை போனது. இரண்டிலும் செக்கோயா இந்தியா முதலீட்டாளர்.

வயிற்றில் புளியைக் கரைக்கிற விஷயம் நஷ்டம் அல்ல. புதுத் தொழிலில் நஷ்டம் வரும். கணக்கு வராமலேயே மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது, அதுதான். பரங்கிமலையில் சங்கிலியை விரிக்காமலேயே எவரெஸ்ட் உயரத்தை அறிவித்த மாதிரி.

அவர்கள் தரப்பு வாதம்

இதற்கு மூன்று பதில்கள் உண்டு. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஒன்று: "நாங்கள் சிறுபான்மைப் பங்குதாரர்கள். கம்பெனியை நடத்துவது நிறுவனர்கள்." சரிதான். ஆனால் இயக்குநர் குழுவில் உட்காருகிறவர், கணக்கு வரும்வரை அடுத்த சுற்றுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்ல முடியும். குழுவில் இடம் எதற்காகக் கேட்டு வாங்குகிறார்கள்?

இரண்டு: "தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டோம்." 2022 ஏப்ரலில் செக்கோயா இந்தியா தன் தளத்தில் கம்பெனி நிர்வாக ஒழுங்கு பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது, இனி கண்டிப்பாக இருப்போம் என்று. நல்லது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூனில், 2.85 பில்லியன் டாலர் புதிய நிதி திரட்டியதாக அறிவித்தது. பிறகு 2024 அக்டோபரில், பீக் ஃபிஃப்டீன் என்ற பெயரில், அந்த நிதியில் 465 மில்லியன் டாலரைக் குறைத்துக்கொண்டது. இதைப் பாராட்ட வேண்டும். நிதி பெரிதாக இருந்தால் நிர்வாகக் கட்டணமும் பெரிது. இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு வருடம் 2 சதவீதம் என்றால், 1,000 கோடி நிதிக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் வருடம் 20 கோடி வரும். அதைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஆனால் திரட்டியது அதிகம் என்ற ஒப்புதலும் அதில் இருக்கிறது.

மூன்று, இதுதான் முக்கியம்: "பத்தில் ஏழு போனாலும் ஒன்று ஜெயித்தால் போதும், இந்தத் தொழிலே அப்படித்தான்." முழுக்க உண்மை. பிரிவுச் சமயத்தில் இந்தியப் பிரிவிடம் 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. ஜொமாட்டோ மாதிரி ஒன்று 2021-இல் சந்தைக்கு வந்தால் பல தோல்விகளின் கணக்கு நேராகிவிடும். நிதிக்குப் பைஜூஸ் 400-இல் ஒன்று. அங்கே வேலை பார்த்தவருக்கு அது ஒன்றில் ஒன்று.

இந்த இடத்தில்தான் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. முதலீட்டாளர் பெயரைப் பார்க்கும்போது, "இந்தக் கம்பெனியை நன்றாக ஆராய்ந்திருப்பார்கள், அதனால் பிழைக்கும்" என்று நாம் படிக்கிறோம். அந்தப் பெயர் உண்மையில் சொல்வது, "இது ரொம்பப் பெரிதாக வளர ஒரு வாய்ப்பு இருக்கிறது, வளராவிட்டால் எங்களுக்குப் பரவாயில்லை" என்பதைத்தான்.

2023 ஜூன்: பிரிவு

2023 ஜூன் மாதம் ருலோஃப் போத்தா, நீல் ஷென், ஷைலேந்திர சிங் மூவரும் சேர்ந்து அறிவிப்பு வெளியிட்டார்கள். அமெரிக்க, ஐரோப்பிய வியாபாரம் செக்கோயா என்ற பெயரிலேயே தொடரும். இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் பீக் ஃபிஃப்டீன். சீனா ஹாங்ஷான். மூன்றுக்கும் பொதுவாக இருந்த அலுவலக வேலைகளும் லாபப் பகிர்வும் நிறுத்தப்படும். சொன்ன காரணங்கள்: ஒரே பெயரால் வரும் குழப்பம், ஒரு பிரிவின் கம்பெனியும் இன்னொரு பிரிவின் கம்பெனியும் போட்டியாளர்கள் ஆகிவிடுவது, பல நாட்டு விதிமுறைகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படுவதில் உள்ள சிக்கல்.

பின்னணியையும் பார்க்க வேண்டும். செக்கோயா சீனா பணம் போட்டிருந்த ஃபோர்த் பாரடைம் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தை 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு தன் வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்டில், சிப், குவாண்டம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளில் சீனாவுக்குப் போகும் அமெரிக்க முதலீட்டைக் கட்டுப்படுத்த பைடன் ஆணை பிறப்பித்தார். அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, சீன முதலீடுகள் பற்றி விளக்கம் கேட்டு செக்கோயாவுக்குக் கடிதம் எழுதியது. அமெரிக்கப் பல்கலைக்கழக அறக்கட்டளைகளின் பணம் சீனச் செயற்கை நுண்ணறிவுக்குப் போவதை அங்கே அரசியல் ஏற்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் பதிலும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

ஹாங்ஷான் என்றால் என்ன? சீன மொழியில் செம்மரம், அதாவது செக்கோயாவுக்கு அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்த பெயர். ஆங்கிலம் படிப்பவர்களுக்குப் பெயர் மாறிவிட்டது. சீனத் தொழில்முனைவோருக்கு ஒன்றும் மாறவில்லை! அந்த ஹாங்ஷான் இப்போது தன் சொந்தக் காலில் மேற்கே போகிறது. 2025 ஜனவரியில் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக அறிவித்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றைப் பெயரைப் பார்த்துத்தான் ப்ராஜெக்டில் சேர்ப்போம். பராமரிக்கிறவர் மாறியிருப்பார், பெயர் அதேதான் இருக்கும். ஒருநாள் அது உடையும்போதுதான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்போம். செக்கோயா விஷயத்தில் என் விமர்சனமும் இதுவே. உள்ளூர்க் குழு முடிவெடுத்தது தவறில்லை, பிரிந்ததும் தவறில்லை. 18 வருடம் முடிவுகள் மூன்று இடத்தில் எடுக்கப்பட்டன, நம்பிக்கை மட்டும் ஒரே இடத்திலிருந்து கடன் வாங்கப்பட்டது. கடன் கொடுத்த பெயர் ஆசியாவில் ஒருமுறைகூட உத்தரவாதக் கையெழுத்துப் போடவில்லை. சிக்கல் வந்தபோது பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சரி, தலைமையகம் நேரடியாகப் பார்த்திருந்தால் சரியாக இருந்திருக்குமா? அப்படியும் சொல்ல முடியாது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் பணம் போட்டது அமெரிக்கச் செக்கோயா. 2022 நவம்பரில் அது கவிழ்ந்தபோது 213.5 மில்லியன் டாலரைப் பூஜ்யம் என்று எழுதினார்கள். அடிக்கோட்டை அளக்காமல் விடும் பழக்கத்துக்குக் கலிஃபோர்னியா, பெங்களூர் பேதமில்லை.

பூஜ்யம் எப்படி வந்தது

கடைசியாக என் ஆஃபர் லெட்டருக்கு வருகிறேன். கம்பெனியை யாரோ பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அப்புறம் எப்படி என் பங்கு பூஜ்யமாச்சு?

முதலீட்டாளர்கள் வாங்கும் பங்கும் ஊழியர் வாங்கும் பங்கும் ஒரே ரகம் அல்ல. அவர்களுடைய பங்குக்கு முன்னுரிமை உண்டு. ஒரு கம்பெனி முதலீட்டாளர்களிடம் 100 கோடி வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் "மதிப்பு" 500 கோடி என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. உங்களிடம் அரை சதவீதம், அதாவது காகிதத்தில் 2.5 கோடி. நாளை கம்பெனி 90 கோடிக்கு விற்கப்படுகிறது. முதலில் முதலீட்டாளர்களின் 100 கோடி திரும்ப வேண்டும். 90-ம் அங்கேயே போய்விடும். அரை சதவீதம் எதில் அரை சதவீதம்? பூஜ்யத்தில்.

இது மோசடி இல்லை, ஒப்பந்தத்திலேயே இருப்பது. நான்தான் கேட்கவில்லை. லோகோ பெரிதாக இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வகையில் முதலீட்டாளரின் பெயர் பெரிதாக இருக்கிற இடத்தில்தான் நாம் கூடுதலாகக் கேட்க வேண்டும். நிறையப் பணம் வந்திருக்கிறது என்றால், நமக்கு முன்னால் வரிசையில் நிற்கும் தொகையும் அதிகம் என்று அர்த்தம்.

அதனால் இப்போது யாராவது என்னிடம் ஸ்டார்ட்அப்பில் சேரலாமா என்று கேட்டால், மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். கடைசியாகத் தணிக்கை முடிந்த கணக்கு எந்த வருடத்துடையது? இதுவரை மொத்தம் எவ்வளவு பணம் வாங்கியிருக்கிறீர்கள், அதில் முன்னுரிமை எத்தனை மடங்கு? நான் வேலையை விட்டால் என் ஈசாப்பைப் பயன்படுத்த எத்தனை நாள் அவகாசம்? இந்தியாவில் பதிவான கம்பெனி என்றால், முதல் கேள்விக்கான பதிலைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி நாமே பார்த்துக்கொள்ளலாம்.

போன வருடம் நானே இன்னொரு நேர்காணலில் இந்த மூன்றையும் கேட்டேன். அங்கேயும் லோகோ ஸ்லைடு இருந்தது. ஹெச்ஆர் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், இதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் தெளிவான பதில். இரண்டாவதுக்கு, "அது ரகசியத் தகவல்."

நான் சேரவில்லை. ரகசியம் என்பதற்காக அல்ல. என் முன்னால் வரிசையில் யார் யார் எவ்வளவு தொகையோடு நிற்கிறார்கள் என்று தெரியாமல், இன்னொரு நாலு வருடம் அந்த வரிசையில் நிற்க எனக்கு வயது இல்லை.